இரண்டு தரம் எழுதிய பூச்சியம்

என் சாப்பாட்டு மேசையில் ஒரு வில்லை இருக்கிறது. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கிற சிறிய கறுப்பு உருப்பெருக்கி. விளிம்பில் நகத்தளவு உடைந்திருக்கிறது. அது என்னுடையதல்ல. அதன் சொந்தக்காரர் தன் வேலையை இழந்ததற்கு நானே காரணம். தவறைச் செய்தவன் நான், பழியைச் சுமந்தவர் அவர். அவர் சுமந்தபோது நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அவள் போய் ஆறு வருடமாகிறது. இனிச் சொல்லாமல் வைத்திருப்பதற்கு எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

அவரை நான் மாஸ்டர் என்று அழைத்தேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். எண்பதுகளின் நடுவில் அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஏழு பேரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார். மனைவியும் ஆறு வயது மகளும் ஊரில். நான் அதற்குப் பத்து வருடம் முன்னரே மாணவனாக வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் ஆய்வு உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். முடியாத ஆய்வேடு ஒன்று என் இழுப்பறையில் பல வருடமாகக் கிடந்தது. எங்கள் முதல் சந்திப்பு ஒரு சனிக்கிழமை காலை, சலவைக் கடையில். அவருடைய இயந்திரம் தண்ணீரைப் பிழியாமல் முனகிக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற என்னிடம், நெடுநாள் பழகியவர்போலச் சொன்னார்:

"தம்பி, ஏழு பேற்ற சாரத்தையும் ஒண்டாய்ப் போட்டாச்சு. மையநீக்க விசை காணாது போல கிடக்கு."

நான் சிரித்துவிட்டேன். அந்த ஊரில் அப்படி ஒரு பகிடியைத் தமிழில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அடுத்த மாதமே பேராசிரியரிடம் பேசி அவரை எங்கள் ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தேன்.

வேலை இதுதான். விண்வெளி யுகத்தின் தொடக்க காலத்தில் ஏவப்பட்ட ஒரு செய்மதி, பூமியைச் சுற்றிக்கொண்டே இரண்டு விடயங்களை அளந்திருந்தது: தன்மீது வந்து மோதும் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் எத்தனை, அந்த இடத்தில் பூமியின் காந்தப் புலம் எவ்வளவு. அந்த அளவுகள் கோடுகளாக நீண்ட படச்சுருள்களில் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு சுருளும் நூற்றுக்கணக்கான சிறு கட்டங்கள். செய்மதி எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சுருள்களை ஒருவரும் முழுமையாக வாசித்திருக்கவில்லை. எங்கள் பேராசிரியர் அவற்றைத் திரும்ப எடுத்து, கட்டம் கட்டமாகக் கோட்டின் உயரத்தை அளந்து தாளில் எழுதவைத்தார். ஒவ்வொரு சுருளையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒருவருடைய தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம் என்பது அவருடைய விதி. முதல் வாசிப்பு மாஸ்டருக்கு, இரண்டாவது எனக்கு.

மாஸ்டருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆய்வுகூடத்துப் பெருக்கிக் கண்ணாடி மங்கல் என்று சொல்லி, குயின் வீதியில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் இந்த வில்லையைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தார். வெளிச்ச மேசையில் சுருளை விரித்து, ஒரு கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு குனிந்தால் மணிக்கணக்காக நிமிரமாட்டார். "உவன் செத்து எத்தினை வருசம் தம்பி" என்பார் செய்மதியைப் பற்றி. "நாங்கள் இப்பதான் அவன்ர சாதகத்தை எழுதிக்கொண்டிருக்கிறம்."

வாசிப்பதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அது பூச்சியம். துணிக்கைகளை எண்ணும் கருவி பூச்சியம் காட்டினால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அந்த இடத்தில் துணிக்கையே இல்லை என்பது ஒன்று. மற்றது இதற்கு நேர்மாறானது. துணிக்கைகள் அளவுக்கு மீறி வந்து குவியும்போது அந்தக் காலத்துக் கருவியால் ஒன்றையடுத்து ஒன்றாக எண்ண முடியாது. அது திணறி, எண்ணுவதையே நிறுத்திவிடும். கோடு தரையில் விழுந்து கிடக்கும். வெறுமையும் நிரம்பலும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். எந்தப் பூச்சியம் என்று அறிய ஒரே வழி, அதன் இரண்டு பக்கத்துக் கட்டங்களையும் பார்ப்பதுதான். முன்னும் பின்னும் கோடு மெல்லத் தணிந்து கிடந்தால் வெறுமை. உச்சிக்கு ஏறி அங்கிருந்து திடீரென்று விழுந்து, பிறகு அதே உச்சியில் மீண்டும் எழும்பினால் நிரம்பல். தாளின் ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு நிரல் இருந்தது. அதில் மாஸ்டர் சின்னஞ்சிறு எழுத்தில் 'வெறும்' என்றோ 'நிறை' என்றோ தமிழில் எழுதுவார். பேராசிரியர் அதைப் பழகிக்கொண்டார்.

ஒருநாள் பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஓடி வாரும். எங்கட வீட்டுக்கு மேலால போறான்."

மூன்றாவது சுருள். அந்தக் கட்டத்தில் செய்மதி யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே, வெகு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது என்று நேரத்தையும் பாதையையும் வைத்துக் கணக்குப் பார்த்திருந்தார். நான் வில்லையை வாங்கிக் குனிந்து பார்த்தேன். கோடு உச்சியில் இருந்து விழுந்து தரையில் கிடந்தது. நிறைந்த பூச்சியம்.

"எங்கட பக்கம் வந்த உடன உவனுக்கு வாயடைச்சுப் போச்சு, பாத்தீரோ? அந்த நேரம் நான் பத்தாம் வகுப்புக்குக் காந்தம் படிப்பிச்சுக்கொண்டு நிண்டிருப்பன். மேலால ஒருத்தன் அதையே அளந்துகொண்டு போறான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

கொஞ்ச நேரம் நின்று பேசினோம். மகள் எழுதிய கடிதத்தைக் காட்டினார். வரிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு போயிருந்தன. பல்கலைக்கழகம் தரப்போகும் வேலைக் கடிதத்தை வைத்துத்தான் மனைவியையும் மகளையும் அழைக்க விண்ணப்பிக்க வேண்டும், இன்னும் இரண்டு மாதத்தில் கடிதம் கிடைத்துவிடும் என்றார். பிறகு நான் என் இடத்துக்குப் போனேன். அவர் திரும்ப வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

இனி என் பங்கு. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ஒரு சுருளையும் வாசிக்கவில்லை. மத்தியானத்தில் மாஸ்டர் சாப்பாட்டுப் பெட்டியோடு படிக்கட்டுக்குப் போய்விடுவார். ஆய்வுகூடத்தில் சாப்பிட்டால் சம்பல் மணக்கும் என்று அவருக்குக் கூச்சம். அந்த அரை மணி நேரத்தில் அவருடைய இழுப்பறையைத் திறந்து, அவர் தாளைப் பார்த்து என் தாளை எழுதுவேன். அப்பட்டமாக ஒத்துப்போகக் கூடாது என்று, அங்கங்கே கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ போடுவேன். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தில் என் ஆய்வேட்டை எழுதினேன். அப்போது அதை நான் களவு என்று நினைக்கவில்லை. மாஸ்டர் பிழை விடமாட்டார், ஒரே வேலையை இரண்டு பேர் செய்வது வீண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டர் பிழை விட்டார். ஒரே ஒரு பிழை. மூன்றாவது சுருளில் ஒரு கட்டத்தை ஏற்கெனவே எழுதியது மறந்து இன்னொரு தரம் எழுதிவிட்டார். ஒரு பூச்சியத்துக்குக் கீழே அதே பூச்சியம். அதிலிருந்து சுருளின் முடிவுவரை எல்லா எண்களும் ஒரு வரி கீழே சறுக்கிவிட்டன.

தாள்களைப் பேராசிரியரிடம் கொடுத்த சில நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை, மாஸ்டர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, மூண்டாவது சுருளில எனக்கு ஒரு வரி சறுக்கிப்போச்சோ எண்டு நெஞ்சுக்க இடிக்குது. உம்மட தாளோட ஒருக்கா ஒத்துப்பாப்பமோ?"

"அது சரிவராது மாஸ்டர்" என்றேன் நான். "ஒருத்தற்ற தாளை மற்றவர் பாக்கக் கூடாது எண்டது விதியெல்லோ."

அவர் தலையை ஆட்டினார். "ஓமோம். அதுவும் சரிதான்."

நான் சொன்ன அந்த வாக்கியத்தை இன்று எழுதும்போதும் என் காது சுடுகிறது. அன்று மாலையே நான் சுருளை எடுத்து வாசித்து, பேராசிரியரிடம் கொடுத்த என் தாளைத் திருப்பி வாங்கித் திருத்தியிருக்கலாம். திங்கட்கிழமை செய்வோம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பேராசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

இரண்டு தாள்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் அந்தச் சுருளைத் தானே பார்த்திருக்கிறார். நாற்பத்திரண்டாவது கட்டத்துக்குப் பிறகு இரண்டு தாளும் ஒரே வரி சறுக்கியிருந்தன. தனித்தனியாக வாசித்த இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே விதமாகச் சறுக்க முடியாது. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். யார் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போனவர்போலக் கேட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேராசிரியரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னேன்: என்னுடைய இழுப்பறையை நான் ஒருபோதும் பூட்டுவதில்லை.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. நான் பூட்டுவதில்லைதான். பேராசிரியர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. அந்த மௌனத்தைப் பேராசிரியர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். பூச்சியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று வேலை தொடங்கிய நாளிலேயே எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அவர். அன்று அவர் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டம் நான்.

அன்று மத்தியானமே மாஸ்டர் போய்விட்டார். மேலங்கியும் சாப்பாட்டுப் பெட்டியும் எடுத்துக்கொண்டார். வில்லை வெளிச்ச மேசையின் அடியில் உருண்டு கிடந்தது. மறுநாள் நான் கண்டெடுத்தேன். பார்க்டேலுக்குப் போய்க் கொடுத்திருக்கலாம், நடக்கிற தூரம். நான் போகவில்லை. சலவைக் கடையையும் மாற்றிக்கொண்டேன்.

வேலைக் கடிதம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு அவர் பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். குடும்பம் வந்து சேர எட்டு வருடம் சென்றது. அந்த எட்டு வருடமும் ஊரில் எப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. ஒருமுறை ஸ்காபுரோவில் தமிழ்க் கடை ஒன்றில் அவரைக் கண்டேன். பக்கத்தில் அவரைவிட உயரமாக ஒரு பெண்பிள்ளை. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "அப்பா, எந்த அரிசி உங்களுக்கு விருப்பம்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. தகப்பனிடம் கேட்கிற கேள்விபோல அது இல்லை. விருந்தாளியிடம் கேட்பதுபோல இருந்தது.

என் ஆய்வேடு முடிந்தது. கலாநிதிப் பட்டம் கிடைத்தது. கோயிலில் என்னை டொக்டர் என்பார்கள். புதிதாக வந்தவர்கள் முழங்கால் நோவுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டு சமாளிப்பேன். ஓய்வு பெறுகிற வருடத்தில் துறையின் நிலவறையைத் துப்புரவு செய்து பழைய சுருள்களை எல்லாம் குப்பைக்குப் போட்டார்கள். மூன்றாவது சுருளை மட்டும் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

சென்ற வருடம் எனக்குக் கண்புரை வெட்டினார்கள். கண்கட்டை அவிழ்த்த பிறகு உலகம் வெட்கப்படும்படி தெளிவாகத் தெரிந்தது. வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டு அலுமாரியைத் துடைத்தபோது வில்லையும் சுருளும் கையில் பட்டன. அந்தக் கிழமை பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் எதுவும் தங்களிடம் இல்லையாம். பேராசிரியர் இறந்து வெகு காலமாகிவிட்டதாம். என் நேர்மைக்கு நன்றியாம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு அங்கும் இங்கும் விசாரித்து, மாஸ்டர் மகளோடு, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் இருப்பதை அறிந்தேன்.

கண்புரை முற்றியபோதே நான் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஸ்ரௌவ்வில்லில் கார் இல்லாதவன் மனிதக் கணக்கில் சேர்த்தி இல்லை. ரயிலில் போய் இறங்கி டாக்சி பிடித்தேன். அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வீடுகள், நட்டு இரண்டு வருடமாகாத மரக்கன்றுகள். மகள் கதவைத் திறந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவோடு முன்பு வேலை செய்தவன் என்றேன்.

"அப்பாவோட வேலை செய்தனீங்களோ? வாங்கோ அங்கிள், வாங்கோ. சப்பாத்தோட வாங்கோ, நிலம் குளிர். அவருக்கு இப்ப கண் தெரியாது, ஆனா காது பயங்கரம்."

மாஸ்டர் பின்பக்கக் கண்ணாடிக் கதவருகே வெயிலில் இருந்தார். மெலிந்து, முழுதும் நரைத்துப்போய்.

"ஆர்?"

"நான்தான் மாஸ்டர்."

அவர் தலையைச் சற்றுச் சரித்தார். "டொக்டரோ?" என்றார். "இரும். பிள்ளை, டொக்டருக்குத் தேத்தண்ணி கொண்டு வா. சீனி ரெண்டு கரண்டி, முந்தி அப்பிடித்தான் குடிக்கிறவர்."

மகள் தேநீர் போடப் போனதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, கடைசி இலக்கம், வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை. முடித்த பிறகு, "நீங்கள் ஏன் மாஸ்டர் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்விதான். ஆனால் அதை நாற்பது வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

"என்னத்தைச் சொல்லுறது? நீர் பிடிச்சுத் தந்த வேலை. நான் உம்மட முகத்தைப் பாத்தன். இப்ப சொல்லுவார், இப்ப சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டே நிண்டன். அதுக்கிடையில அந்தாள் எழும்பிக் கதவைத் திறந்துபோட்டார்." வெயில் பக்கம் முகத்தைத் திருப்பினார். "விமான நிலையத்தில என்ர பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியேல்லை, தம்பி. வேறை ஆற்றையோ பிள்ளையை நோக்கிக் கை காட்டிப்போட்டன்."

நான் வில்லையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் சுற்றித் தடவினார். உடைந்த இடத்தில் விரல் நின்றது.

"மூண்டாவது சுருளை நீர் பிறகெண்டாலும் வாசிச்சனீரோ?"

"இல்லை மாஸ்டர்."

"ஒரு தரமும்?"

"இல்லை. என்னட்டைத்தான் கிடக்கு."

"அப்ப முதல்ல வாசியும்" என்று வில்லையை என் பக்கம் நீட்டினார். "மன்னிப்பை எல்லாம் பிறகு பாப்பம்."

வீட்டில் வெளிச்ச மேசை ஏது? தெற்குப் பக்க ஜன்னலில், சுருளைப் பகுதி பகுதியாகக் கண்ணாடியில் ஒட்டி, ஜனவரி வெயிலில் வாசிக்கத் தொடங்கினேன். வெளியே கார் தரிப்பிடமும் பனிக் குவியல்களும். ஒரு நாளில் பதினைந்து கட்டம் வாசித்தால் கழுத்து மரத்துப்போகும். இதைத்தான் அவர் ஒரு குளிர்காலம் முழுவதும், படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேருக்காகச் செய்திருக்கிறார். வான்கூவரில் இருக்கும் மகன் தொலைபேசியில், "Dad, என்ன செய்யிறீங்கள் நாள் முழுக்க?" என்று கேட்டான். வேலை செய்கிறேன் என்றேன். சிரித்தான்.

மூன்றாவது நாளில் நாற்பத்திரண்டாவது கட்டம் வந்தது. வில்லையை வைத்த உடனே தெரிந்துவிட்டது. உச்சியில் இருந்து விழுந்து தரையில் கிடக்கும் கோடு. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய கட்டம். எங்கட வீட்டுக்கு மேலால போறான் என்று சொன்ன கட்டம். நான் அங்கே போய் நின்று கதைத்ததால்தான் அவருக்குக் கட்டம் தவறியிருக்கிறது. அன்று அவருடைய மகளின் கடிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திராவிட்டால் அவர் அந்தப் பூச்சியத்தை ஒரு தரம் மட்டுமே எழுதியிருப்பார். இத்தனை வருடமும் எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அந்தச் சுருளை ஒரு தரம் வாசித்திருந்தால் போதும். நான் பூச்சியத்தை எழுதி, குறிப்பு நிரலில் அவர் எழுதுவதுபோலவே 'நிறை' என்று எழுதினேன். அன்று அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

மாசி நடுவில் சுருள் முடிந்தது. தாள்களைத் தபாலில் அனுப்பினேன். இரண்டு கிழமை ஒரு செய்தியும் இல்லை. பிறகு மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், தாள் எல்லாம் வந்தது. என்ர மகள்தான் வாசிச்சுக் காட்டினவள், ரெண்டு பின்னேரமா. Grandpa, this is just numbers எண்டு ஒரே அலுப்பு. அவர் விடேல்லை, கடைசி வரி மட்டும் கேட்டவர்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை அங்கிள்."

"ஒண்டுமே?"

"இல்லை. நாப்பத்திரண்டாவது வரியை மட்டும் திரும்ப ஒருக்கா வாசி எண்டவராம். அவள் வாசிச்சவள். பிறகு பேசாமல் இருந்தவர்." பின்னணியில் பாத்திரங்கள் சத்தம் கேட்டது. "சரி அங்கிள், நான் வைக்கிறன்."

அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. இப்போது பங்குனி. தரிப்பிடத்துப் பனி கறுத்து, இளகி ஓடுகிறது. சுருளைச் சுற்றி அதன் பெட்டியில் போட்டுவிட்டேன். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுநாடாவின் தடம் மட்டும் வரிசையாக இருக்கிறது. வில்லை மேசையில், நான் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில். வாசிக்க அதில் இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் காலையில் எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

ஒரு மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் அர்த்தத்தைப் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத்தான் அறியலாம். முன்னால் இருக்கும் கட்டம் எனக்குத் தெரியும், அதை எழுதியவனே நான். பின்னால் வரவேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை. தொலைபேசியை மேசையில் வில்லைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். அவருடைய அந்த மௌனத்துக்கு நேரே, என் குறிப்பு நிரலில், 'வெறும்' என்றோ 'நிறை' என்றோ எழுதாமல் விட்டிருக்கிறேன்.